அறிகுறியைப் பார்த்து மருந்தைக் கண்டுபிடிப்போம்: தோட்டத்திலும் வீட்டிலும் ரசாயனக் கோளாறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உரமும் தோட்டச் சாமான்களும் விற்கிற கடை எங்களுடையது. கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "மட்டை மஞ்சளாகுது, என்ன போடணும்?", "ஆசிட் ஊத்தியும் ரப்பர் பால் உறையல" என்று கோளாறைத்தான் சொல்லுவார்கள். அதனால் இந்தக் குறிப்பையும் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன்.

பெயரை நம்பி எதையும் வாங்கவோ கலக்கவோ வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஆசிட்', 'சோடா', 'பொட்டாஷ்', 'உப்பு' என்ற ஒவ்வொரு பெயருக்குள்ளும் நாலைந்து வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. வாய்பாடு அப்படி இல்லை. எந்தத் தனிமம் எத்தனை அணு என்பது தெரிந்தால், அந்தப் பொருள் எதோடு சேரும், எதோடு சேரக்கூடாது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். கீழே வாய்பாடுகளைத் தனிமத்தின் பெயரும் அணு எண்ணிக்கையுமாகத் தருகிறேன். லேபலில் ஆங்கிலக் குறியீடுதான் இருக்கும்: 'என்ஏ' என்றால் சோடியம், 'கே' பொட்டாசியம், 'சியூ' செம்பு, 'எஃப்இ' இரும்பு, 'ஏஜி' வெள்ளி. மற்றவை ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தோடு ஒத்துப்போகும்.

வாளியோ கழிவறையோ கழுவும்போது கண் எரிகிறது, தொண்டை அடைக்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இதைத் தள்ளிப்போட முடியாது.

உடனே செய்ய வேண்டியது: கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வெளியே காற்றுக்கு வாருங்கள். பிள்ளைகளையும் வெளியே கொண்டு வாருங்கள். 'தண்ணி ஊத்திக் கழுவிவிட்டு வர்றேன்', 'கொஞ்சம் வினிகர் ஊத்தினா அடங்கிடும்' என்று உள்ளே நிற்க வேண்டாம். கண்ணைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மூச்சு வாங்கினால் 999. அப்போதைக்குச் சரியாகிவிட்டது போலிருந்தாலும் சில மணி நேரம் கழித்து நெஞ்சு இறுகலாம். அப்படி ஆனால் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையமும் ஆலோசனை சொல்லும்.

இனி, என்ன நடந்தது என்று பார்ப்போம். குளோராக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பிளீச், சோடியம் ஹைப்போகுளோரைட்: சோடியம் 1, ஆக்சிஜன் 1, குளோரின் 1. அமிலம் பட்டால் இதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். அது இரண்டு குளோரின் அணுக்கள் சேர்ந்த வாயு, காற்றை விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். அதனால் குளியலறையின் தரைப் பக்கமே தங்கும். குனிந்து தேய்க்கிறவருக்கும் சின்னப் பிள்ளைக்கும்தான் முதலில் படும். கழிவறைக் கறை நீக்கும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் (ஹைட்ரஜன் 1, குளோரின் 1) இருக்கிறது. அதையும் பிளீச்சையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் இதுதான் நடக்கும்.

நம் ஊரில் இன்னொரு வழியும் உண்டு, நகரத்தில் இருப்பவர்களுக்கு அது தோன்றாது. ரப்பர் பால் வெட்டுகிற வீடுகளில் அமோனியா இருக்கும், பாலை உறைய வைக்கும் அமிலமும் இருக்கும். ஒரு அக்கா கடைக்கு வந்து, "தம்பி, பால் வாளியைச் சுத்தமா இருக்கட்டும்னு குளோராக்ஸ் போட்டுக் கழுவினேன், மூச்சே விட முடியல" என்றார். "அந்த வாளியில கடைசியா என்னக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன். அமோனியா கலந்த பால். அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமின் (நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 2, குளோரின் 1) என்ற வாயு வரும். வாளியில் அமிலம் ஒட்டியிருந்தால் குளோரின் வரும். எது இருந்தாலும் கேடுதான்.

பால் வாளிக்குப் பிளீச் தேவையே இல்லை. காய்ந்த பாலை உரித்தெடுத்துவிட்டு, சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் போதும். பிளீச் பாட்டில் குளியலறையில் இருக்கட்டும், அமோனியாவும் அமிலமும் கொட்டகையில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவே வேண்டாம்.

மங்கிலேயே (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்திலேயே) பால் திரிந்துவிடுகிறது

மரத்திலிருந்து இறங்கும்போது பால் அமிலமும் இல்லை, காரமும் இல்லை, கிட்டத்தட்ட நடுநிலையாக இருக்கும். நூறு கிலோ பாலில் ஏறத்தாழ முப்பது கிலோதான் ரப்பர், பெரும்பகுதி தண்ணீர். அந்த ரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரத உறை ஒன்று இருக்கிறது. அதன் மேல் எதிர் மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கின்றன. பாக்டீரியா உள்ளே புகுந்து பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கினால், அந்த மின்னூட்டம் போய்த் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் திரிந்துவிட்டது என்கிறோம்.

அதனால் முதலில் மங்கைத்தான், அந்தக் கிண்ணத்தைத்தான், பார்க்க வேண்டும். அடியில் நேற்றைய ஒட்டுப்பால் விரல் நகம் அளவுக்கு ஒட்டியிருந்தாலும் அது பாக்டீரியாவுக்குப் போதும். அதை உரித்துப் பாருங்கள், உட்பக்கம் ஈரமாக, சாம்பல் நிறத்தில், புளித்த வாடையோடு இருக்கும். புதிய பால் அதன் மேல்தான் வந்து விழுகிறது.

மங்கும் வாளியும் சுத்தமாக இருந்தும் திரிந்தால் அமோனியாவைப் பாருங்கள். அமோனியா என்பது நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 3. அது பாலைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோய் பாக்டீரியாவையும் அடக்குகிறது. ஆனால் அது தண்ணீரில் கரைத்து வைத்த வாயு. மூடி சரியாக இறுகாத கேனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துவிடும். வெயிலில் வைத்த கேன் என்றால் கேட்கவே வேண்டாம். திறந்ததும் கண்ணில் குத்துகிற வாடை இல்லையென்றால் கேனில் பெரும்பாலும் தண்ணீர்தான் மிச்சம்.

ஆசிட் ஊற்றியும் பால் உறைவதில்லை

மேலே சொன்னதற்கு இது நேர் எதிர். பால் கெடக்கூடாது என்று அமோனியாவை அள்ளி ஊற்றியிருப்பீர்கள். இப்போது ஊற்றுகிற அமிலம் முதலில் அந்த அமோனியாவோடு சேர்ந்து உப்பாகிவிடும், பாலை உறைய வைக்க மிச்சம் இருக்காது. உறைய வைத்துத்தான் விற்கப்போகிறீர்கள் என்றால் அமோனியாவைக் குறையுங்கள், இன்னும் இன்னும் என்று அமிலத்தை ஏற்றாதீர்கள். இன்னொரு காரணம் மழை. மங்கில் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தால் ரப்பர்த் துகள்கள் விலகி விலகி இருக்கும், உறைய அதிக நேரம் எடுக்கும்.

உறைகிறது, ஆனால் ரப்பர் கறுத்துப்போகிறது, மங்குக் கம்பி அரிக்கிறது, பட்டை புண்ணாகிறது

நீங்கள் வாங்கிய 'ஆசிட்' எது என்று பார்க்க வேண்டிய இடம் இது. உறைய வைக்க ஏற்றது ஃபார்மிக் அமிலம்: கார்பன் 1, ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. அசிட்டிக் அமிலமும் (கார்பன் 2, ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 2) சரி. விலை மலிவு என்று சிலர் கந்தக அமிலத்தை வாங்கிவிடுகிறார்கள்: ஹைட்ரஜன் 2, கந்தகம் 1, ஆக்சிஜன் 4. பேட்டரியில் இருப்பதும் இதுதான். முதல் இரண்டும் காய வைக்கும்போது ஆவியாகிப் போகக்கூடியவை. கந்தக அமிலம் ஆவியாவதில்லை. ரப்பருக்குள்ளேயே தங்கி, காயக் காய அடர்த்தி கூடி, ரப்பரின் நீண்ட சங்கிலிகளைக் கெடுக்கும். கட்டிப்பால் (உறைந்த ரப்பர் கட்டி) வாங்கும் ஆலைக்குத் தரம் குறைவு, உங்களுக்கு விலை குறைவு. பட்டையில் தெறித்தால் அடுத்த வெட்டுக்கு அந்த இடமே வீண்.

லேபல் இல்லாவிட்டால் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். அடர்ந்த கந்தக அமிலம் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.8 கிலோ, எண்ணெய் போலக் கெட்டியாக ஓடும், வாடையே இருக்காது. ஃபார்மிக் அமிலம் ஒரு லிட்டர் 1.2 கிலோ அளவுதான், மூடியைத் தளர்த்தினாலே மூக்கைத் துளைக்கும். அதற்காக முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம். எந்த அமிலமானாலும் தண்ணீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால், அதுவும் கந்தக அமிலத்தில், கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் இதைத் தொட வேண்டாம். இதை ஆயிரம் தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டை ஆரஞ்சு நிறமாகிறது

கடையில் அதிகம் வருகிற கேள்வி இதுதான். அவசரப்பட்டு உர மூட்டை வாங்கினால் பணம் வீணாவதும் இதில்தான். முதலில் எந்த மட்டை என்று பாருங்கள். அடிவரிசை முதிய மட்டைகள் மட்டும் நிறம் மாறி, மேலே குருத்துப் பக்கம் பச்சையாக இருந்தால் மெக்னீசியமோ பொட்டாசியமோ குறைவு.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, மட்டையை நெருங்கிப் போய்ப் பாருங்கள். ஓர் இலை மேல் இன்னோர் இலை படிந்திருக்கும் இடத்தைத் தேடி, மேல் இலையை விரலால் விலக்குங்கள். வெயில் பட்ட பகுதி ஆரஞ்சாகவும், நிழலில் மறைந்திருந்த பகுதி பச்சையாகவும், நடுவே கோடு போட்டாற்போல் எல்லையும் தெரிந்தால் அது மெக்னீசியக் குறைவு. அதற்குப் பதிலாக இலை முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள் சிதறி, இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் அந்தப் புள்ளிகள் வழியே வெளிச்சம் ஊடுருவினால் அது பொட்டாசியக் குறைவு.

மெக்னீசியத்துக்கு கீசரைட் போடுகிறோம். அது மெக்னீசியம் சல்ஃபேட்: மெக்னீசியம் 1, கந்தகம் 1, ஆக்சிஜன் 4, அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு தண்ணீர் மூலக்கூறு. எப்சம் உப்பும் அதே மெக்னீசியம் சல்ஃபேட்தான், ஆனால் ஒட்டியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் ஏழு. வாய்பாட்டைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்: சுத்தமான கீசரைட்டில் எடையில் 17.6 சதவீதம் மெக்னீசியம், எப்சத்தில் 9.9 சதவீதம்தான். 50 கிலோ மூட்டை வாங்கினால் ஒன்றில் 8.8 கிலோ, மற்றதில் ஐந்து கிலோ கூட இல்லை. எப்சம் விலை மலிவாகத் தோன்றினாலும் மூட்டையில் பாதிக்கு மேல் தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறோம். இலையில் தெளிக்க எப்சம் நல்லது, சட்டென்று கரையும். மரத்தடியில் போட கீசரைட்.

பொட்டாசியத்துக்கு எம்ஓபி, அதாவது பொட்டாசியம் குளோரைட்: பொட்டாசியம் 1, குளோரின் 1. மூட்டையில் '60' என்று போட்டிருப்பார்கள். அது பொட்டாசியத்தின் அளவு அல்ல, பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிட்டால் வரும் எண். மூட்டைக்குள் ஆக்சைடு எதுவும் கிடையாது, பழைய கணக்கு முறை அப்படியே தங்கிவிட்டது. உண்மையான பொட்டாசியம் ஏறத்தாழ 50 சதவீதம். சிவப்பாக இருப்பது வீரியம் கூடியது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சிவப்பு கொஞ்சூண்டு இரும்பு ஆக்சைடு, அவ்வளவுதான்.

முக்கியமான எச்சரிக்கை: பொட்டாசியத்தை அளவுக்கு மீறிப் போட்டால் வேர் மெக்னீசியத்தை எடுத்துக்கொள்வது குறையும். எம்ஓபி நிறையப் போட்ட பிறகு ஆரஞ்சு கூடியிருந்தால், மேலும் எம்ஓபி போடுவதை நிறுத்துங்கள்.

புதிய மட்டையின் இலை நுனி கொக்கி போல வளைந்தால் கதையே வேறு, அது போரான் குறைவு. போராக்ஸ் (சோடியம் 2, போரான் 4, ஆக்சிஜன் 7, தண்ணீர் 10) கிராம் கணக்கில்தான் போட வேண்டும். இதைக் கை நிறைய அள்ளிப் போட்டால் இலை நுனி கருகும்.

யூரியா போட்ட மறுநாள் தோட்டமெல்லாம் காட்டமான வாடை

உங்கள் பணம்தான் காற்றில் போகிறது. யூரியா என்பது கார்பன் 1, ஆக்சிஜன் 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4. எடையில் 46 சதவீதம் நைட்ரஜன். மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி இதை உடைத்து அமோனியாவாக்கும். மண்ணுக்குள் நடந்தால் நல்லது, மேற்பரப்பில் நடந்தால் வாயுவாகப் பறக்கும். காய்ந்த தரையில் வெயில் நேரத்தில் தூவாமல், மண் ஈரமாக இருக்கும்போதும் மழை வரும் நாளிலும் போடுங்கள். சுண்ணாம்போ டோலமைட்டோ போட்ட கையோடு யூரியா போடுவதும் இதே நட்டத்தைத்தான் தரும்.

வாடையில்லாத உரம் வேண்டுமென்றால் அம்மோனியம் சல்ஃபேட் (நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, ஆக்சிஜன் 4) இருக்கிறது. ஆனால் நைட்ரஜன் 21 சதவீதம்தான், மண்ணையும் புளிக்க வைக்கும். இதையும் சுண்ணாம்போடு கலக்கக்கூடாது.

கெட்டிலில் வெள்ளைப் படிவு

கால்சியம் கார்பனேட்: கால்சியம் 1, கார்பன் 1, ஆக்சிஜன் 3. கிந்தா பள்ளத்தாக்கின் மலைகள் சுண்ணாம்புக்கல். ஈப்போ கல்லுமலை முருகன் கோயில் இருக்கும் மலையும் அதே கல்தான். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. காய்ச்சினால் வாயு பிரிந்து கல் மறுபடி படிகிறது. கிணற்றுத் தண்ணீர் வீடுகளில் இது அதிகம். வினிகரோ எலுமிச்சைச் சாறோ தண்ணீரோடு ஊற்றிக் கொஞ்ச நேரம் சூடாக்குங்கள், நுரைத்துக்கொண்டு விட்டுவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லாத படிவு, பயப்பட வேண்டாம்.

பள்ளிச் சட்டையில் மஞ்சள் கறை, பிளீச் போட்டால் இன்னும் அழுத்தமாகிறது

அது இரும்பு. கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் நீரேறிய இரும்பு ஆக்சைடாக (இரும்பு 2, ஆக்சிஜன் 3, கூடத் தண்ணீர்), அதாவது துருவாக மாறித் துணியில் உட்காரும். பிளீச் அந்த மாற்றத்தை வேகப்படுத்தும். எலுமிச்சைச் சாறு தடவி, கொஞ்சம் உப்புத் தூவி வெயிலில் வையுங்கள், பிறகு அலசுங்கள். அலசி முடிக்கும்வரை பிளீச் பக்கம் போக வேண்டாம், காரணம் மேலேயே இருக்கிறது.

குத்துவிளக்கில் பச்சை, கொலுசில் கறுப்பு

பச்சை என்பது செம்பு கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் சேர்ந்தது. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும், புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைக்கும். கறுப்பு என்பது வெள்ளி சல்ஃபைடு: வெள்ளி 2, கந்தகம் 1. செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்துப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கொலுசு சீக்கிரம் கறுத்தால் ஆச்சரியமில்லை. அந்தக் குளங்களிலிருந்து மீத்தேனோடு கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடும் (ஹைட்ரஜன் 2, கந்தகம் 1) வருகிறது. பாத்திரத்தில் அலுமினியத் தாள் விரித்து, கொலுசை அதன் மேல் படும்படி வைத்து, ஆப்ப சோடாவும் சுடுநீரும் ஊற்றுங்கள். கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும், வெள்ளி தேயாது. கல் பதித்த நகைக்கு இது வேண்டாம்.

வடை சிவந்து, சோப்புச் சுவை வருகிறது

ஆப்ப சோடா கூடிவிட்டது. அது சோடியம் பைகார்பனேட்: சோடியம் 1, ஹைட்ரஜன் 1, கார்பன் 1, ஆக்சிஜன் 3. புளித்த மாவு இல்லாமல் எண்ணெயில் சூடேறினால் அது சலவைச் சோடாவாக (சோடியம் 2, கார்பன் 1, ஆக்சிஜன் 3) மாறும், சோப்புச் சுவை அதிலிருந்துதான். மாவில் மஞ்சள் இருந்தால் காரம் பட்டுச் சிவக்கும். சோடாவைக் குறையுங்கள், அல்லது மாவில் கொஞ்சம் தயிர் சேருங்கள்.

பெயர் அழிந்த மூட்டையில் வெள்ளைப் பொடி

வாயில் வைத்துப் பார்க்கவே கூடாது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்குமே, அதே வித்தை இங்கே உதவும். கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகைப் பொடியைப் போடுங்கள்.

குவளை வெளிப்பக்கம் சுடுகிறது என்றால் எரிசோடாவோ (சோடியம் 1, ஆக்சிஜன் 1, ஹைட்ரஜன் 1) சுட்ட சுண்ணாம்போ (கால்சியம் 1, ஆக்சிஜன் 1) இருக்கலாம். அங்கேயே நிறுத்துங்கள், தோலில் பட்டால் புண்ணாக்கும். சில்லிட்டால் யூரியாவோ எம்ஓபியோ ஆக வாய்ப்பு அதிகம். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை என்றால் மஞ்சள் தண்ணீரைச் சில துளி விடுங்கள். நன்றாகச் சிவந்தால் சலவைச் சோடா அல்லது நீர்த்த சுண்ணாம்பு (கால்சியம் 1, ஆக்சிஜன் 2, ஹைட்ரஜன் 2). இலேசாகத்தான் மாறினால் ஆப்ப சோடா. மாறவே இல்லையென்றால் உரமோ சாதாரண உப்போ. அதில் வேறு ஒரு சிட்டிகை எடுத்து ஈரச் சுண்ணாம்போடு குழைத்துப் பாருங்கள். உடனே அமோனியா வாடை வந்தால் அம்மோனியம் சல்ஃபேட், யூரியா உடனே வாடை தராது. வினிகர் விட்டு நுரைத்தால் கார்பனேட் வகை. படிவம் 4 வேதியியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் நிறுத்திச் செய்யுங்கள், பாடமும் ஆகும்.

இது பொடிக்கு மட்டும். பழைய குளிர்பானப் பாட்டிலில் நீலப் பச்சை நிறத்தில் திரவம் கிடைத்தால் திறக்கவோ, முகரவோ, சாக்கடையில் ஊற்றவோ கூடாது. பாராகுவாட் களைக்கொல்லியாக இருக்கலாம். மலேசியாவில் அது 2020 ஜனவரி 1 முதல் தடை, ஆனாலும் பழைய கொட்டகைகளில் இன்னும் தங்கியிருக்கலாம். ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைக் காப்பாற்றுவது மிகக் கடினம். பாட்டிலின் மேல் 'விஷம்' என்று தமிழிலும் மலாயிலும் பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, மாவட்ட விவசாய அலுவலகத்தில் சொல்லுங்கள்.